மெர்லயன் வாயிலிருந்து தண்ணீர் குடிக்கலாம், நிலாவைக் கையில் பிடிக்கலாம்... படங்களில் தூரம் எங்கே போகிறது?

மெர்லயன் பூங்காவுக்கு எந்த நாள் போனாலும் அந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

ஒருவர் தலையைச் சாய்த்து, வாயை 'ஆ' எனத் திறந்தபடி நிற்பார். எதிரே கைத்தொலைபேசியோடு நிற்கும் நண்பர், "கொஞ்சம் இடது பக்கம்... இன்னும் கொஞ்சம்... ஆங், அப்படியே நில்லு!" என்பார்.

கிளிக்!

படத்தைப் பார்த்தால் 8.6 மீட்டர் உயர மெர்லயன், நேராக அவர் வாய்க்குள் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கும்.

இதில் யாரும் ஏமாறுவதில்லை. எல்லாம் விளையாட்டு என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் இதே வித்தை வாடகை அறை விளம்பரத்தில் வருகிறது. கூட்டத்தைக் காட்டும் செய்திப் படத்தில் வருகிறது. குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் "ஐயோ, இவ்வளவு பெரிய பாம்பா!" என்று வரும் படத்தில் இருக்கிறது. ஏன், நீங்கள் எடுக்கும் செல்ஃபியிலும் இருக்கிறது.

அப்போது நாம் சிரிப்பதில்லை. நம்பிவிடுகிறோம்.

எப்படி ஏமாறுகிறோம்? ஏமாறாமல் இருக்க என்ன செய்யலாம்? பார்ப்போம்.

நேரில் ஏமாறாத கண், படத்தில் ஏமாறுவது ஏன்?

ஒரு சின்னச் சோதனை. இரண்டு பேனாக்களைக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கைகளை நீட்டி, இரண்டு பேனா முனைகளையும் பக்கவாட்டிலிருந்து ஒன்றோடொன்று தொடவைக்கப் பாருங்கள். பல முறை தவறிப்போகும். இப்போது இரண்டு கண்களையும் திறந்து செய்யுங்கள். சுலபம்!

நம் இரண்டு கண்களுக்கும் இடையே ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் இடைவெளி உண்டு. ஒவ்வொரு கண்ணும் சற்றே வேறுபட்ட காட்சியைப் பார்க்கிறது. அந்த வேறுபாட்டை வைத்து, எது பக்கத்தில் இருக்கிறது, எது தள்ளி இருக்கிறது என்று மூளை கணக்குப் போடுகிறது.

தலையை லேசாக அசைத்தாலும் போதும். அருகில் உள்ள பொருள் அதிகம் நகர்வதுபோல் தெரியும். தூரத்தில் உள்ளது அசையாது.

கேமராவுக்கு இருப்பதோ ஒற்றைக் கண். அதுவும் ஒரு நொடியில் உறைந்துபோன கண். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் எவ்வளவுதான் தலையை ஆட்டினாலும் அதற்குள் இருக்கும் எதுவும் நகராது.

அதனால் மூளை மற்றக் குறிப்புகளைத் தேடுகிறது:

- எது எதை மறைக்கிறது?
- கால்கள் தரையில் எந்த இடத்தில் படுகின்றன?
- நிழல் எங்கே விழுகிறது?
- தூரத்தில் உள்ளது மங்கலாகத் தெரிகிறதா?
- அளவு தெரிந்த பொருள் ஏதாவது பக்கத்தில் இருக்கிறதா?

மெர்லயன் படத்தில் இந்தக் குறிப்புகள்தான் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. இடுப்புக்கு மேல் மட்டும் எடுத்தால் கால் எங்கே நிற்கிறது என்று தெரியாது. கைத்தொலைபேசிக் கேமராவின் லென்சும் சென்சரும் மிகச் சிறியவை என்பதால், பக்கத்தில் உள்ளதும் தூரத்தில் உள்ளதும் பெரும்பாலும் ஒரேபோல் தெளிவாக விழும். பின்னணி மங்கலாக இருந்திருந்தால் மூளை உடனே கண்டுபிடித்திருக்கும்.

சில இடங்களில் இயற்கையே குறிப்புகளை அழித்துவிடுகிறது. பொலிவியாவின் உயுனி உப்புப் பாலைவனம் 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்து கிடக்கிறது. சிங்கப்பூரைப்போல் 13 மடங்குக்கும் அதிகம். மரம் இல்லை, வீடு இல்லை, மேடு பள்ளம்கூட இல்லை. எல்லாம் வெள்ளை. அங்கே ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கேமராவுக்கு அருகில் வைத்து, நண்பரைத் தள்ளி நிற்கச் சொன்னால், அவர் போத்தல் மூடிமேல் நிற்பதுபோல் தெரியும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், மலேசியாவின் கோலா சிலாங்கூரில் கடல்நீர் வற்றும்போது வெளியே தெரியும் 'ஸ்கை மிரர்' மணல்திட்டு இருக்கிறது. அங்கும் பயணிகள் இதே விளையாட்டைத்தான் ஆடுகிறார்கள்.

லென்ஸ் செய்யும் மாயம் அல்ல, நிற்கும் இடம்!

"அது ஜூம் லென்ஸ், அதனால்தான் அப்படித் தெரியுது" என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதில் பாதிதான் உண்மை.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரே உயரமுள்ள இருவர். முதலாமவர் கேமராவிலிருந்து 2 மீட்டர் தூரத்தில், இரண்டாமவர் 4 மீட்டர் தூரத்தில் நிற்கிறார்கள். படத்தில் இரண்டாமவர் முதலாமவரின் பாதி உயரமே இருப்பார். பார்த்ததும், 'இவர் தள்ளி நிற்கிறார்' என்று புரிந்துவிடும்.

இப்போது அவர்கள் இருவரும் நகரவே இல்லை. கேமரா மட்டும் 20 மீட்டர் பின்னால் போகிறது. தூரம் 22 மீட்டர், 24 மீட்டர் என்றாகிறது. இரண்டாமவர் முதலாமவரைவிட ஏறக்குறைய 8 விழுக்காடு மட்டுமே சிறியவராகத் தெரிவார். கிட்டத்தட்ட ஒரே உயரம். தோளோடு தோள் உரசி நிற்பதுபோல் இருக்கும்.

நடுவே இருந்த 2 மீட்டர் எங்கே போனது? அது எங்கும் போகவில்லை. கேமரா தள்ளிப்போனதால் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

அவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தால் ஆட்கள் சின்னதாகத் தெரிவார்கள். அவர்களைப் பெரிதாக்கிக் காட்டுவதுதான் ஜூம் லென்சின் வேலை. சாதாரண லென்சில் எடுத்து, வேண்டிய பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினாலும் அதே நெருக்கம்தான் தெரியும், தெளிவு மட்டும் குறையும்.

ஆக, ஒரு படம் உங்களைக் குழப்பினால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கேமரா எங்கே நின்றது?

அந்தக் கூட்டம் உண்மையா?

கோவிட் காலத்தில் தரையில் ஒட்டியிருந்த குறியீடுகளும் ஒரு மீட்டர் இடைவெளியும் நினைவிருக்கிறதா?

அந்த நேரத்தில் உலகின் பல நகரங்களில் ஒரே சண்டை. பூங்காவிலோ கடற்கரையிலோ மக்கள் முண்டியடித்துக்கொண்டு நிற்பதுபோல் செய்திப் படம் வெளிவரும். "பொறுப்பே இல்லாத ஜனங்க!" என்று இணையத்தில் திட்டுவார்கள். அங்கே இருந்தவர்களோ, "நாங்கள் தள்ளித்தானே நின்றோம்" என்பார்கள்.

2020ஆம் ஆண்டு ஏப்ரலில் டென்மார்க்கின் ரிட்சாவ் ஸ்கான்பிக்ஸ் படச் செய்தி நிறுவனத்தைச் சேர்ந்த இரு படப்பிடிப்பாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். பொது இடங்களில் வரிசையில் நிற்போரையும் ஓய்வெடுப்போரையும் இரண்டு விதமாகப் படமெடுத்தார்கள்.

தூரத்தில் நின்று டெலிஃபோட்டோ லென்சில் எடுத்த படத்தில் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நிற்பதுபோல் தெரிந்தது. வேறு இடத்திலிருந்து அகன்ற கோண லென்சில் எடுத்த படத்தில் அதே மக்களுக்கு இடையே தாராளமான இடைவெளி இருந்தது.

இரண்டு படமும் பொய் இல்லை. எதையும் கணினியில் மாற்றவில்லை. ஆனால் முதல் படத்தை மட்டும் பார்த்தவர், அங்கிருந்தவர்கள்மீது ஒரு தீர்ப்பே எழுதியிருப்பார்.

இதையே நம் ஊரில் அழகாகவும் பார்க்கலாம். தீபாவளி நேரத்தில் சிராங்கூன் ரோட்டின் ஒளி அலங்கார வளைவுகளை ஒரு கோடியிலிருந்து ஜூம் செய்து எடுத்த படங்களைப் பாருங்கள். வளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்ததுபோல் ஜொலிக்கும். நேரில் நடந்தால் ஒரு வளைவிலிருந்து அடுத்ததற்கு நன்றாகவே நடக்க வேண்டும்.

கூட்டம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? மேலிருந்து எடுத்த படத்தைத் தேடுங்கள். தலைக்குத் தலை உள்ள இடைவெளி அதில்தான் ஒளியாமல் தெரியும்.

நிலா அவ்வளவு பெருசா?

பௌர்ணமி அன்று கட்டடத்துக்குப் பின்னால் மாபெரும் நிலா எழும் படங்கள் வலம்வரும். உடனே நாமும் ஜன்னலைத் திறந்து கைத்தொலைபேசியில் எடுப்போம். கிடைப்பது ஒரு வெள்ளைப் புள்ளி!

காரணம் இதுதான். நிலா நம் கண்ணுக்கு ஏறக்குறைய அரை டிகிரி அகலம்தான். கைத்தொலைபேசியின் வழக்கமான லென்ஸ் அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல் அகலமான காட்சியைப் பிடிக்கிறது. அதில் நிலாவுக்குக் கிடைக்கும் பங்கு அவ்வளவுதான்.

பெரிய நிலாவைப் படமெடுப்பவர்கள் நிலாவைப் பெரிதாக்குவதில்லை, கட்டடத்தைச் சிறிதாக்குகிறார்கள். எப்படி? தள்ளிப் போய்!

நிலா சராசரியாக 384,400 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. நீங்கள் ஒரு கிலோமீட்டர் பின்னால் நடந்தால் அதன் அளவில் மாற்றமே தெரியாது. ஆனால் கட்டடம் வேகமாகச் சிறுத்துவிடும். ஒரு பொருளின் உயரத்தைப்போல் ஏறக்குறைய 110 மடங்கு தூரம் போனால், அது நிலா அளவுக்குத் தெரியும்.

- 1.7 மீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு: ஏறக்குறைய 190 மீட்டர்
- மெர்லயனுக்கு: கிட்டத்தட்ட 950 மீட்டர்
- கோலாலம்பூரின் 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரங்களுக்கு: சுமார் 50 கிலோமீட்டர்

அப்படியானால் நேரிலேயே அடிவானத்தில் நிலா பெரிதாகத் தெரிகிறதே? அது கேமரா இல்லாமலேயே மூளை ஏமாறும் இடம். கையை நன்றாக நீட்டி, சுண்டுவிரலால் அதை மறைத்துப் பாருங்கள். நிலா உச்சிக்கு ஏறிய பிறகு மறுபடியும் மறைத்துப் பாருங்கள். அதே விரல், அதே அளவு!

"என் மூக்கு ஏன் இவ்வளவு பெருசா இருக்கு?"

இது விளையாட்டான கேள்வி இல்லை. செல்ஃபியைப் பார்த்துப் பார்த்துத் தங்கள் முகத்தையே வெறுக்கும் இளையர்கள் உண்டு. சிலர் மூக்கு அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் செல்ஃபியைக் காட்டி, "இதைச் சரிசெய்யணும்" என்று கேட்கும் அளவுக்குப் போகிறார்கள்.

அதைக் கவனித்த அமெரிக்க ஆய்வாளர்கள் 2018ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முகத்திலிருந்து 12 அங்குலத் தூரத்தில், அதாவது ஏறக்குறைய 30 சென்டிமீட்டரில், செல்ஃபி எடுத்தால் மூக்கின் அகலம் உண்மையில் இருப்பதைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு கூடுதலாகத் தெரியும் என்று அவர்களின் கணக்கு காட்டியது. ஐந்தடி தூரத்திலிருந்து எடுத்தால் அந்த மாற்றம் கிட்டத்தட்ட மறைந்துவிடும்.

இங்கும் அதே பழைய கதைதான். கேமரா மிக அருகில் இருக்கும்போது மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையே உள்ள சில சென்டிமீட்டரே பெரிய வித்தியாசமாகிவிடுகிறது. அருகில் உள்ள மூக்கு வீங்குகிறது. தள்ளி உள்ள காது சுருங்கி மறைகிறது.

வீட்டிலேயே செய்து பாருங்கள். வழக்கம்போல் ஒரு செல்ஃபி எடுங்கள். பிறகு கைத்தொலைபேசியை ஓர் அலமாரியில் கண் உயரத்தில் வைத்து, ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று, டைமர் போட்டு எடுங்கள். இரண்டாவது படத்தில் முகம் மட்டும் தெரியும்படி பெரிதாக்கி, முதல் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் எதிரே உட்கார்ந்து பேசுபவர்கள் பார்ப்பது இரண்டாவது முகத்தைத்தான். வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால், இந்தச் சோதனையை அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள். "நீ அழகாத்தான் இருக்கே" என்று நூறு முறை சொல்வதைவிட இது நன்றாக வேலை செய்யலாம்.

விளம்பரத்தில் மண்டபம், நேரில் மாடப்புறா கூண்டு!

வாடகைக்கு அறை தேடியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். படத்தில் அறை விசாலமாக இருந்தது. கதவைத் திறந்தால் கட்டிலைச் சுற்றி நடக்கக்கூட இடமில்லை.

இங்கே நடப்பது கூட்டப் படத்துக்கு நேர்மாறு. அறையின் ஒரு மூலையில் சுவரோடு ஒட்டி நின்று, மிக அகன்ற கோண லென்சில் எடுக்கிறார்கள். எதிர்ச் சுவர் தள்ளிப் போகிறது. அருகில் உள்ள தரை நீண்டு விரிகிறது. இப்போது பல கைத்தொலைபேசிகளில் '0.5' என்று இருக்கும் பொத்தானே இந்த வேலையைச் செய்துவிடும்.

கண்டுபிடிப்பது எப்படி?

- படத்தின் ஓரங்களைப் பாருங்கள். வட்டமான விளக்கோ கடிகாரமோ முட்டை வடிவில் இழுபட்டிருந்தால், அது அகன்ற கோண லென்ஸ்.
- தரையோடுகளைக் கவனியுங்கள். ஒரே அளவு ஓடுகள் முன்னால் மிகப் பெரிதாகவும் பின்னால் பொடியாகவும் இருந்தால் உஷார்!
- அளவு தெரிந்த பொருளைத் தேடுங்கள். ஒற்றைக் கட்டில், கதவு, குளிர்பதனப் பெட்டி. அறையில் எத்தனை கட்டில் போடலாம் என்று மனத்துக்குள் கணக்குப் பாருங்கள்.
- முன்பணம் கொடுக்கும் முன், அறையின் நீள அகலத்தை மீட்டரில் கேளுங்கள். படம் குழப்பலாம், அளவுநாடா குழப்பாது.

கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்பக்கக் கேமராவும் அகன்ற கோண லென்ஸ்தான். திரையில் தெரிவதைவிட அந்தத் தூணோ அந்தக் குழந்தையோ உங்களுக்கு அருகில் இருக்கலாம். திரையை மட்டும் நம்பாமல் திரும்பியும் பாருங்கள்.

நாய் அளவு எலி, பேருந்து நீளப் பாம்பு

2016ஆம் ஆண்டு லண்டனில் ஒருவர் நீளமான இடுக்கியில் ஓர் எலியைத் தூக்கிக் காட்டும் படம் உலகையே கலக்கியது. எலியின் நீளம் நான்கு அடி என்று செய்தி பரவியது. அதாவது ஏறக்குறைய 1.2 மீட்டர்!

பிறகு நிபுணர்கள் சந்தேகம் கிளப்பினார்கள். எலி கேமராவுக்கு அருகில், பிடித்திருந்தவர் பின்னால். கேமராவிலிருந்து எலி ஒரு மீட்டர், மனிதர் இரண்டு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அவரோடு ஒப்பிடும்போது எலி இரண்டு மடங்காகத் தெரியும். மீன் பிடிப்பவர்கள் கையை நீட்டி மீனைக் காட்டும் அதே உத்தி.

நம் ஊர் வாட்ஸ்ஆப்பில் மலைப்பாம்பு, உடும்புப் படங்கள் இப்படித்தான் வரும். சிங்கப்பூரில் மலைப்பாம்பு இருப்பது உண்மை. ஆனால் கொக்கியில் மாட்டிக் கேமரா பக்கம் நீட்டிய பாம்பின் அளவை, பின்னால் நிற்பவரோடு ஒப்பிட்டுச் சொல்ல முடியாது. அந்தப் படத்தை நம்பி அக்கம்பக்கமே பீதியாவதும், வழி தவறி வந்த ஒரு விலங்கு அடிபடுவதும் யாருக்கும் நல்லதில்லை.

ஆபத்து பொய்யா, பொய்தான் ஆபத்தா?

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் 'பெத்ரா தோ தெலெக்ராஃபோ' என்ற பாறை இருக்கிறது. அதன் விளிம்பை ஒற்றைக் கையால் பிடித்தபடி, கடலுக்கு மேல் அந்தரத்தில் தொங்குபவர்களின் படங்களைப் பார்த்தால் அடிவயிறு கலங்கும்.

உண்மையில் அவர்கள் காலுக்குச் சற்றுக் கீழேயே தரை இருக்கிறது. அந்தத் தரை தெரியாத கோணத்தில் கேமராவை வைக்கிறார்கள். அந்த ஒரு படத்துக்காக அங்கே வரிசையில் காத்திருக்கிறார்கள்.

இப்போது நார்வேக்குப் போவோம். அங்கே ஹெராக் மலையில் இரு பாறைகளுக்கு நடுவே சிக்கி நிற்கும் உருண்டைக் கல்லின்மேல் ஏறி நின்று படமெடுக்கிறார்கள். பார்த்தால் இதுவும் வித்தைபோல்தான் தெரியும். ஆனால் அது நிஜம். கீழே 984 மீட்டர் பள்ளம்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது பாதுகாப்பானது என்று சொல்லவே முடியாது. முதலாவதைப் பார்த்து, "எல்லாம் கேமரா வேலைதான்" என்று பழகியவர், நிஜமான விளிம்பில் ஓர் அடி கூடுதலாக வைத்துவிடலாம். படத்தில் தூரம் தெரியாமல் போனால் வெட்கம்தான் மிஞ்சும். மலை விளிம்பில் தெரியாமல் போனால் உயிர் போகும்.

பகிர்வதற்கு முன் ஐந்து கேள்விகள்

1. கேமரா எங்கே நின்றது? மிக அருகிலா, வெகு தூரத்திலா?

2. கால் எங்கே? பொருள் தரையைத் தொடும் இடம் தெரிகிறதா, இல்லை வெட்டப்பட்டிருக்கிறதா?

3. நிழல் எங்கே? ஒரே வெயிலில் இருக்கும் இரண்டு பொருள்களின் நிழல் விழும் இடமே அவற்றுக்கு இடையிலான தூரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

4. அளவு தெரிந்த பொருள் அதே தூரத்தில் இருக்கிறதா? பக்கத்தில் இருப்பதுபோல் தெரிந்தால் போதாது. உண்மையிலேயே பக்கத்தில் இருக்க வேண்டும்.

5. வேறு கோணத்தில் எடுத்த படம் உண்டா? பெரிய கூட்டமோ, பெரிய பாம்போ, அதைச் சுற்றி இன்று பத்துக் கைத்தொலைபேசிகளாவது இருக்கும். ஒரே ஒரு படம் மட்டும் சுற்றுகிறது என்றால், பொறுங்கள்.

இனி படங்களையே நம்பக்கூடாது என்பதல்ல இதன் பொருள். கேமரா தான் நின்ற இடத்திலிருந்து தெரிந்ததை அப்படியே காட்டுகிறது. எங்கே நின்றது என்பதை மட்டும் அது சொல்வதில்லை. அதைக் கேட்பது நம் வேலை.

அடுத்த முறை மெர்லயன் பூங்காவுக்குப் போனால், நீங்களும் வாயைத் திறந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த கையோடு இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்து, அதே கூட்டத்தை இன்னொரு முறை பாருங்கள். எதுவுமே இல்லாத காற்றைக் குடித்துக்கொண்டு நிற்கும் வரிசையான மனிதர்கள்!

இரண்டே அடிதான். அதற்குள் மாயம் கலைந்துவிடும்.